தீர்த்தம் ஏற்றிய வண்டி நின்றுபோன நாள்

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசை முடிந்து, சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பேசுகிற பேச்சில் பாதி கண்திருஷ்டியைப் பற்றித்தான். யார் கண் பட்டு யார் தோப்பில் தென்னை வாடியது, யார் கண் பட்டு யார் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாம் அடுத்தவர் கண். தன் கண்ணைப் பற்றி ஒருத்தி பேசி நான் கேட்டதில்லை. நான் எட்டாவதோடு நின்றவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் என் வயதுக்காரிகள் நாலு பேர் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

இந்த வருஷம் அம்மன் கோயில் நோம்பிக்கு இளவட்டங்கள் எங்கெங்கோ கிடந்த பழைய மோட்டார் சைக்கிள்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி, கோயில் மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வண்டிக்கு முன்விளக்கின் தலையில் வட்டமாக ஒரு கண்ணாடி, உள்ளே கரண்டைக் காட்டுகிற ஒரு முள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பேரன் பேத்தி எடுத்த பிறகும் எரிகிறது, என்ன செய்ய. பெரியப்பா வண்டியிலும் அப்படி ஒரு முள் இருந்தது.

என் அம்மா வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் பெரியம்மா, இளையவள் அம்மா. பெரியம்மா கல்யாணத்துக்கு அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, வண்டிப்பெரியார்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளை வாங்கி மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். அம்மா கல்யாணத்துக்கு வருவதற்குள் இரண்டு மழை பொய்த்துவிட்டது. இளைய மாப்பிள்ளைக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஒரு ஜோடிக் காளை கிடைத்தது. நல்ல காளைகள். ஆனால் காளையைப் பார்க்க எவன் வாசலுக்கு வருவான்?

பெரியப்பா வீடு கோயிலடியில். எங்கள் தோட்டம் ஊருக்கு வெளியே, மலையாளத்துச் சித்தூர் ஆற்றுக்குப் போகிற ரோட்டை ஒட்டி. அந்த வண்டி தூரத்தில் வரும்போதே அதன் சத்தம் வயிற்றில் தட்டும். அப்பா ஏர் ஓட்டிக்கொண்டிருந்தால் கை தானாகக் கயிற்றை இழுத்துவிடும். இப்படி இழுத்து இழுத்து, அந்தச் சத்தம் கேட்டாலே காளைகள் தாமாக நிற்கப் பழகிவிட்டன. சத்தம் பனைகளுக்குள் போய்த் தேய்கிற வரைக்கும் மூன்று உயிர்களும் உழவுசாலில் நிற்கும். பிறகு அப்பா காளைகளைத்தான் அதட்டுவார்: "என்னத்த வாயப் பாக்கறீங்க?"

பெரியப்பா வீட்டுக்குப் போனால் அப்பா நேராக உள்ளே போகமாட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். தொடமாட்டார். அந்தக் கை கட்டலை நான் அப்போது மரியாதை என்று நினைத்தேன்.

அம்மாவின் வயிற்றெரிச்சல் வேறு விதம். பெரியம்மா தலை நிறையப் பூ வைத்து, வண்டியின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து கோயிலுக்குப் போவாள். நாங்கள் மாட்டு வண்டியில் போய் இறங்கும்போது அம்மாவின் சேலையில் வைக்கோல் ஒட்டியிருக்கும். பெரியம்மா பாசமாகத்தான் அதை எடுத்துவிடுவாள். "வைக்கலு பாரு புள்ள" என்று சொல்லி, நாலு பேர் பார்க்க, ஒவ்வொன்றாக எடுப்பாள். அம்மா வீட்டுக்கு வந்து அடுப்போடு பேசுவாள்.

எனக்கு எரிச்சல் பெரியம்மா மகன் மேல். அவன் எனக்கு அண்ணன் முறை. பெரியப்பாவுக்கு முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வருவான். ஆரன் அடிக்கும்போது அந்த முள் துள்ளும், விளக்குப் போட்டால் ஒரு பக்கம் சாயும் என்பதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொன்னான். பார்க்கட்டுமா என்றால், "தொட்டா சாக்கு அடிக்கும், போ" என்பான். அந்த டேங்கின் சூட்டில் காய்கிற பெட்ரோல் வாசனையும், எண்ணெயும் மண்ணும் கலந்த ஒரு வாசனையும் அவன் சட்டையில் எப்போதும் இருக்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் யாருக்கும் தெரியாமல் அதை மோந்து பார்ப்பேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கலாம்.

அந்தப் பங்குனியில் தீர்த்த முறை பெரியப்பா வீட்டுக்கு வந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நோம்பிக்கு அம்மனுக்கு ஊற்றுகிற தண்ணீரை ஆற்றிலிருந்து கொண்டுவர வேண்டும். வருஷத்துக்கு ஒரு வீட்டுக்கு முறை. வயதுக்கு வராத பெண்பிள்ளை குடத்தைச் சுமக்க வேண்டும். குடம் தரையில் படக்கூடாது, வேறு கை மாறக்கூடாது, உச்சிப் பூசைக்கு முன்னால் கோயில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் முறை அந்த வீட்டை விட்டுப் போய்விடும். அதோடு போகாது, அந்த வருஷம் ஊரில் எது கெட்டாலும் அந்த வீட்டைத்தான் சொல்வார்கள்.

எல்லோரும் முந்தின நாளே நடந்து போய், விடிகாலையில் குடத்தோடு திரும்புவதுதான் வழக்கம். பெரியப்பா அன்று காலையில் மோட்டார் சைக்கிளில் போய் வருவதாகச் சொன்னார். ஊரில் முணுமுணுத்தார்கள். பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெட்ரோலுக்குத் தீட்டுன்னு எங்கியும் சொல்லுல" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

பெரியம்மாவுக்குப் பெண் இல்லை. அதனால் குடம் என் இடுப்புக்கு வந்தது.

கிளம்புகிறபோது அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டேங்கில் ஏறப் போனவனைப் பெரியப்பா இறக்கிவிட்டார். "தீர்த்தத்துக்குப் போறப்ப நீ எதுக்குடா?" அவன் வாசல் தூணைக் கட்டிக்கொண்டு உப்பிய கன்னத்தோடு நின்றான். நான் பின் சீட்டில் ஏறி, அவன் பார்க்கிற வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வண்டியைச் சுற்றிச் சூடம் காட்டினாள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், முன் சீட்டுக்கு அடியில் குனிந்து என்னவோ செய்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை. காற்று முகத்தில் அடிக்கப்போகிறது என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

ஆற்றில் முங்கி, குடத்தை நிறைத்து, அதன் வாயில் வேப்பிலை செருகி, மஞ்சள் துணி கட்டித் திரும்பினோம். ஈரத் துணி உடம்போடு ஒட்ட, குடத்தை மடியில் இறுக்கிக்கொண்டு ஒரு கையால் பெரியப்பா சட்டையைப் பிடித்திருந்தேன். எங்கள் தோட்டத்தைத் தாண்டி, ரோடு குண்டும் குழியுமாகப் போகிற இடத்தில் வண்டி தூக்கிப் போட்டது. சட்டென்று சத்தம் நின்றது. இருமவில்லை, திணறவில்லை. விளக்கை ஊதி அணைத்த மாதிரி. உருண்டு போய் ஒரு பனையடியில் நின்றோம்.

பெரியப்பா என்னை இறக்கிவிட்டுக் கிக்கரை மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார், பெட்ரோல் ததும்பியது. பிளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டினார். மறுபடியும் மிதித்தார். கள்ளுக் குடம் கட்டிய சைக்கிளில் வந்த ஒரு மலையாளத்துக்காரர் காலை ஊன்றி நின்று, "சேட்டா, வண்டிக்குக் கொறச்சு கள்ளு தரட்டே?" என்று, கொஞ்சம் கள்ளு ஊற்றட்டுமா எனக் கேலி செய்தார். பெரியப்பா பார்த்த பார்வையில் அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரத்துக்குத்தான் பின்னாலிருந்து எங்கள் மாட்டு வண்டி வந்தது. அப்பாவும் அம்மாவும் பொங்கல் சாமான்களோடு கோயிலுக்குப் போகிறார்கள்.

"என்னாச்சுங்க மாமா?" என்று அம்மா இறங்கி ஓடி வந்தாள். பெரியப்பா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"காத்தால பொறப்படறப்ப நல்லாத்தான இருந்துச்சு சகல. உங்க தோட்டத்தத் தாண்டுச்சு, நின்னுருச்சு."

"ஏனுங்க மாமா, எங்க தோட்டத்துல முள்ளா வெதச்சு வெச்சிருக்கறோம்?"

"முள்ளு சக்கரத்துலதான் புள்ள குத்தும். இது சக்கரத்துல குத்துனது இல்ல."

அம்மாவின் முகம் சிவந்தது. அப்பா நுகத்தடியைப் பிடித்தபடி நின்றார். எனக்குக் கை கடுக்க ஆரம்பித்திருந்தது. குடத்தின் குளிர் இடுப்பில் இறங்கி, வேப்பிலை கழுத்தில் குத்தியது. கீழே வைக்கவும் முடியாது, அம்மா கையில் கொடுக்கவும் முடியாது.

"மாட்டு வண்டில ஏறிக்குங்க மாமா, கொண்டுபோய்ச் சேத்தீரலாம்" என்றாள் அம்மா.

"சேருமா உச்சிக்குள்ள?" பெரியப்பா அப்பாவிடம்தான் கேட்டார்.

அப்பா நிழலைப் பார்த்தார். காளைகளைப் பார்த்தார். "சேராதுங்க" என்றார். பிறகு, "ஆரன் அடிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஆரனுக்கு இப்ப என்ன கேடு?"

"அடிச்சுப் பாருங்களே."

பெரியப்பா அமுக்கினார். சத்தமில்லை. விளக்குப் போட்டார். எரியவில்லை. முள் நடுவில் செத்துக் கிடந்தது.

"அப்ப பெட்ரோலுமில்ல, பிளக்குமில்லீங்க. கரண்டே வருல" என்றார் அப்பா.

எங்கள் கிணற்று மோட்டாருக்கு ஃபியூஸ் போய்விட்டால் அப்பாவேதான் போடுவார். அந்தப் பழக்கத்தில் மாட்டு வண்டிப் பெட்டியில் வயர் துண்டு, திருப்புளி, கத்தி எல்லாம் கிடக்கும். எடுத்துக்கொண்டு வந்தார். வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். தொடுவதற்கு முன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியை அவர் தொட்டது அன்றுதான்.

பேட்டரிப் பெட்டியைத் திறந்ததும் ஃபியூஸ் கருகிக் கிடந்தது தெரிந்தது. வயரிலிருந்து ஒரு கம்பி இழையைப் பிரித்துப் போட்டார். சாவியைத் திருப்பச் சொன்னார். முள் ஒரே தாவலில் ஓரத்துக்குப் போய் மோதியது. பட்டென்று பொறி பறந்து இழை போய்விட்டது.

"எங்கியோ வயரு தொடுதுங்க சகல. இன்னும் எத்தன போட்டாலும் போகும். தொடற எடத்தக் கண்டுபுடிக்கோணும்."

"கண்டுபுடிக்கறதுக்குள்ள பூச முடிஞ்சிரும்."

அப்பா முன்விளக்கின் வயரைக் கழற்றிவிட்டு இழை போட்டார். பொறி பறந்தது. அப்போ கோளாறு விளக்கில் இல்லை. ஆரன் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டார். மறுபடியும் பொறி. ஒவ்வொரு தடவையும் பெரியப்பா வானத்தைப் பார்த்தார். மணலில் ஸ்டாண்டு புதைந்து வண்டி சாய்ந்ததால், அவர் முன்னால் நின்று ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மா மிரண்ட காளைகளைப் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் குடத்தோடு நின்றேன்.

அப்பா முன் சீட்டின் ஸ்பிரிங்குக்கு அடியில் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது. குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. கட்டமும் எழுத்தும் கீறி, கறுப்புக் கயிற்றில் ஸ்பிரிங்கோடு கட்டியிருந்தது. பூசின மஞ்சள் இன்னும் காயவில்லை. வண்டி தூக்கிப் போட்டதில் அது ஆடிச் சரிந்து, ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை டேப் கழன்ற ஒரு வயர் இணைப்பிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த முனை கருகியிருந்தது.

கண்ணுக்குக் கட்டுகிற மந்திரித்த தகடு என்று எனக்கே தெரிந்தது. பெரியம்மா காலையில் குனிந்தது ஞாபகம் வந்தது. யார் கண்ணுக்கு என்று பெரியப்பா சற்று முன்னால்தான் சொல்லாமல் சொல்லியிருந்தார்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. இப்போது அப்பா அதைப் பிடுங்கி எடுத்துப் பெரியப்பா மூஞ்சிக்கு நேரே காட்டுவார், "இதுதானுங்க உங்க முள்ளு" என்பார் என்று காத்திருந்தேன்.

அப்பா சாட்டைக் கோலில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் ரப்பரைப் பிரித்து வயர் இணைப்பில் இறுக்கிச் சுற்றினார். தகட்டை அவிழ்த்தார். கருகின முனையை வேட்டி ஓரத்தால் துடைத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, வயர் எதுவும் போகாத பின் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய், அதே கறுப்புக் கயிற்றால் முடிச்சு மேல் முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

"என்னங்க, கெடச்சுதா?" என்றார் முன்னால் நின்ற பெரியப்பா.

"வயரு பழசுங்க. டேப்பு கழண்டு சட்டத்துல தொட்டிருக்குது."

கழற்றின வயர்களை மாட்டி, புது இழை போட்டு, "மிதிங்க இப்ப" என்றார். முள் மெல்ல நகர்ந்து நின்றது. பெரியப்பா மிதித்தார். வண்டி உயிர் வந்து குலுங்கியது. அப்பா ஒரு கையை முன்விளக்கின் மேல் வைத்திருந்தார். அந்த நடுக்கம் அவர் தோள்வரை ஏறுவதைப் பார்த்தேன்.

"ஒரு ரவுண்டு நானு ஓட்டிப் பாத்துட்டுத் தரட்டுங்களா? நடுவழியில மறுக்கா நின்னுட்டா..."

"நேரமாச்சுங்க சகல. ஏறு கண்ணு."

நான் ஏறினேன். அப்பா எங்கள் புழுதியில் நின்றார்.

உச்சிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தோம். மேளம் அடித்தார்கள். குடத்தை இறக்கியதும் என் கை மடிந்தபடியே நின்றுவிட்டது, நீட்ட வரவில்லை. பூசாரி என் கழுத்தில் மாலை போட்டார். அண்ணன் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிறான் என்பதில் எனக்கு அம்மன் முகம் கூடச் சரியாகத் தெரியவில்லை.

நடந்ததைப் பெரியப்பா சொல்லக் கேட்டுப் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் வந்து இறங்குகிற வரை காத்திருந்த மாதிரி, அப்போது சத்தமாகச் சொன்னாள்: "வந்த கண்ணு தகட்டுல பட்டுத் தெறிச்சிருச்சு ஆத்தா! இல்லீன்னா ரெண்டு பேரும் உழுந்தல்ல கெடந்திருப்பாங்க. நல்ல வேளைக்குக் கட்டி வெச்சேன்."

பக்கத்தில் நின்ற பெண்கள் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா பொங்கல் பானையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு போனாள். அப்பா காளைகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஃபியூஸ் போட்டதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, பெரியம்மா கண் மூடுவதற்குச் சில மாதம் முன்னால் நான் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு உன்னக் கொடத்தோட பாத்தப்ப எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு கண்ணு. வண்டி இருந்து என்ன, உங்கம்மாவுக்குத்தான பொண்ணு இருந்துச்சு" என்றாள். அதுவரை எரிச்சல் எங்கள் பக்கம் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பெரியம்மா இருந்திருப்பாள். கேட்டுப் பார்க்காமலே போயிருப்பீர்கள்.

அன்றைக்குச் சாயங்கால வெயிலில் மாட்டு வண்டியில் திரும்பினோம். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் கேட்டாள்.

"தகடு தகடுங்கறாளே எங்கக்கா, நீங்க சீட்டுக்கடியில கைய உட்டீங்களே, அதப் பாக்குலீங்களா?"

"பாத்தேன். அதுதான் வயர்ல தொட்டுட்டு இருந்துச்சு."

அம்மா வண்டியில் எழுந்தே நின்றுவிட்டாள். "அதுதானா? அத அங்கியே பிடுங்கி வீசாம? அத்தன பேருக்கு முன்னால என்னையல்ல அவ..."

"எடத்த மாத்திக் கட்டிட்டேன்."

"கட்டுனீங்களா? நம்ம கண்ணுக்குன்னு கட்டுனத நீங்களே கட்டுனீங்களா?"

அப்பா கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"அவ பயந்தது பொய்யில்ல புள்ள. அந்த வண்டிய நானு என்னைக்கு நல்ல கண்ணோட பாத்தேன்? புள்ள அதுல ஏறிப் போகுது, கொடத்தோட. அதான் நல்லா இறுக்கிக் கட்டுனேன்."

அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். சேலையில் ஒட்டின சாம்பலைத் தட்டினாள். "அப்ப என்ற கண்ணுக்கும் சேத்து ஒண்ணு கட்டியிருக்கோணும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவுக்கும் முதுகு குலுங்கியது.

வாடின மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.